கிழக்கு மாகாணத் தேசப்படம்: விலை 1,850 ரூபாய், பிழை 47

போன மாதம் திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் இலங்கையின் கிழக்கு மாகாணத் தேசப்படம் ஒன்று வாங்கினேன். 1,850 ரூபாய். தரம் பத்தில் புவியியல் படிக்கிற பேத்திக்கு என்று வீட்டில் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் எனக்குத்தான். 1974 இல் தபாற்கந்தோருக்குள் போனவன், 2013 இல் வெளியே வந்தேன். அதில் பாதிக்கு மேல் கடிதம் பிரிக்கிற மேசையில் கழிந்தது. ஊர்ப்பெயர் அச்சடித்த கடதாசி கண்ணில் பட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலடி உயரம், இரண்டரை அடி அகலம். லெமினேற் பண்ணியது. மேலும் கீழும் பிளாஸ்ரிக் தடி, தொங்கவிட நைலோன் கயிறு. கடையில் சுருட்டி, றப்பர் பட்டி போட்டுத் தருகிறார்கள். வீட்டில் விரித்தால் ஒரு கிழமைக்குக் கீழ்ப்பக்கம் சுருண்டுகொண்டே இருக்கும். நான் கீழ்த்தடியில் இரண்டு பழைய பூட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். நாலாம் நாள் நிமிர்ந்தது. யன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம். பின்னேர வெயில் பட்டால் அம்பாறை மாவட்டம் முழுக்க ஒரே பளபளப்பு, ஒரு எழுத்தும் வாசிக்க முடியாது.

அளவுத்திட்டம் 1:250,000 என்று மூலையில் போட்டிருக்கிறது. ஒரு சென்ரிமீற்றர் என்றால் இரண்டரைக் கிலோமீற்றர். நம்பாமல், மனைவியின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புவரை ஏ15 வீதியின் வளைவு நெளிவோடு வைத்துப் பிடித்தேன். 51 சென்ரிமீற்றர் வந்தது. பெருக்கினால் 127 கிலோமீற்றர் சொச்சம். வீதியின் நீளமும் அவ்வளவுதான். இதில் முழுப் புள்ளி கொடுக்கலாம். மாவட்டப் பரப்பளவும் சரி: அம்பாறை 4,415, மட்டக்களப்பு 2,854, திருகோணமலை 2,727 சதுரக் கிலோமீற்றர். கூட்டினால் 9,996. பரப்பளவில் வடமத்திய மாகாணத்துக்கு அடுத்த பெரிய மாகாணம் நம்முடையது என்பதைப் பேத்தி இந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம்பினாள். திருகோணமலைப் பட்டினத்துக்குள் இருப்பவர்களுக்கு மாகாணம் என்றால் நிலாவெளி தொடக்கம் சீனக்குடா வரை என்று ஒரு நினைப்பு. வடக்கே கொக்கிளாய்க் களப்பிலிருந்து தெற்கே கும்புக்கன் ஓயா வரை அது கிடக்கிற நீளம் சுவரில் தொங்கும்போதுதான் தெரிகிறது. பேத்தி நிமிர்ந்து நின்றால் கொக்கிளாய், குந்தினால் குமண.

சனத்தொகை 1,555,510 என்று போட்டிருக்கிறார்கள். அது 2012 கணக்கெடுப்பு. 2024 இல் மறுபடி எண்ணியாயிற்று. புதுப் படம் என்று விற்பவர்கள் இதையாவது பார்த்திருக்கலாம்.

இனிப் பெயர்கள்.

யாரோ ஆங்கிலப் பட்டியலொன்றை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து தமிழில் கொட்டியிருக்கிறார்கள் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மூதூர் முத்தூர் ஆகியிருக்கிறது. கிண்ணியா கின்னியா. வெருகல் வெறுகல். பாலையூற்று பலையுத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, மட்டக்களப்பு 'மட்டகலப்பு'. களப்பு என்றால் வாவி. கலப்பு என்றால் பாலுக்குள் தண்ணீர். 56 கிலோமீற்றர் நீளமான ஒரு வாவியை ஒரு எழுத்தில் வற்றவைத்துவிட்டார்கள்.

அக்கரைப்பற்று 'அக்கரைபட்டு' என்று இருக்கிறது. சேலைக் கடைக்கு வைக்கலாம். பற்று என்பது இந்தப் பக்கத்தின் பழைய ஆட்சிப் பிரிவு. கட்டுக்குளம்பற்று, தம்பலகாமம்பற்று, கொட்டியாரம்பற்று என்று திருகோணமலையில் இருந்தன. மட்டக்களப்புப் பக்கம் கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று இன்றைக்கும் பிரதேச செயலாளர் பிரிவின் பெயராகவே இருக்கின்றன. ஒரு பெயரின் வாலில் 'பற்று' இருந்தால், அது ஒரு ஊரைத் தாண்டிய நிலப்பரப்பின் பெயர் என்று தரம்பிரிக்கிற மேசையில் முதல் வருடமே சொல்லித்தருவார்கள். 'பட்டு' என்று எழுதினால் அந்தச் சரித்திரம் முழுக்கப் போய்விடுகிறது, நெசவு மட்டும் மிஞ்சுகிறது. நெசவுக்கு மருதமுனை இருக்கிறது, அது தனியாக. அதை மட்டும் சரியாக அச்சடித்திருக்கிறார்கள்.

தெற்கு மூலையில் பாணமை. பேத்தி கீழே குந்தியிருந்து வாசித்துக்கொண்டு போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பப்பா, பனாமா எண்டா கால்வாய் இருக்கிற நாடுதானே? அது ஏன் பொத்துவிலுக்குப் பக்கத்தில இருக்கு?"

சிரித்துவிட்டு எழுதிக்கொண்டேன், பிழை இலக்கம் 19. ஆனால் அந்தப் பாணமை சிரித்துவிட்டுப் போகிற ஊர் இல்லை. சிங்களவரும் தமிழரும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்கிற ஊர். மட்டக்களப்புப் பக்கத்துக் கொம்புமுறி விளையாட்டு அங்கே அங்கெலிய என்ற பெயரில் நடக்கும். ஒரே வீட்டில் இரண்டு மொழியிலும் விலாசம் எழுதின கடித உறைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே உகந்தை முருகன், பிறகு குமணக் காடு. கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் கிளம்பி, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என்று இந்தப் படத்தை மேலிருந்து கீழாகக் கால்நடையாகவே முடித்து, உகந்தையில்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். அந்த வழியை ஒரு புள்ளிக்கோடாகவாவது போட்டிருக்கலாம். போடவில்லை. மனைவி ஒருநாள் மத்தியானம் விரலால் தடவித் தடவி அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு வேடிக்கை, இதற்கு நேரெதிர் வேடிக்கை. திருகோணமலைப் பட்டினத்தைப் பெருப்பித்து ஒரு மூலைப் பெட்டியில் தந்திருக்கிறார்கள். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. உட்துறைமுகம், சோபர் தீவு, கோட்டை எல்லாம் தெளிவாக இருக்கின்றன. ஆனால் நாங்கள் தமிழாக்கி வைத்திருந்த பெயர்களைத் திரும்ப ஆங்கிலமாக்கிவிட்டார்கள். ஓர்ஸ் ஹில்லை உவர்மலையாக்கி எத்தனையோ காலம் ஆகிறது. உப்புக்கும் அந்த மலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, காதில் விழுந்ததை நாக்குக்கு ஏற்றபடி திருப்பிக்கொண்டார்கள். அலஸ் என்பவரின் தோட்டம் அலஸ்தோட்டம். சைனா பே சீனக்குடா. படத்தில் என்னவென்றால் 'ஓர்ஸ் ஹில்', 'அலஸ் கார்டன்', 'சைனா பே'. தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய்க் கைகால் முறிந்து திரும்பியிருக்கிறது, ஆங்கிலப் பெயர் தமிழுக்குள் நிம்மதியாகக் குடியிருந்ததைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். உவர்மலையில் முப்பது வருடம் இருக்கிறவன் நான். என் விலாசத்தையே காணவில்லை.

குறிவிளக்கப் பெட்டிக்கு வருகிறேன். சிவப்புக் கோடு 'நெடுஞ்சாலை'. மண்ணிறக் கோடு 'பாதை'. இதை வாசித்த அன்று கிண்ணியாவிலிருந்து என்னோடு வேலை செய்த காக்கா வந்திருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி, பாதையெல்லாம் தரையில ஓடுது?"

வெளியூர்க்காரருக்கு இதில் என்ன பகிடி என்று விளங்காது. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆற்றுக்கும் களப்புக்கும் குறுக்கே வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. கிண்ணியாப் பாதை, கங்கைப் பாதை, வெருகல் பாதை என்று ஒன்றுக்குப் பின் ஒன்று. அப்போதெல்லாம் மட்டக்களப்புக்குப் போக இத்தனையிலும் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பாதை ஓடாத நாளில், வெள்ளமோ வேறு பிரச்சினையோ, ஹபரணையைச் சுற்றி இருநூறு கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்புக்கு அங்காலேயும் அப்படித்தான், குருமண்வெளியிலிருந்து மண்டூர் முருகனிடம் நான் பாதையில் ஏறித்தான் போயிருக்கிறேன். மூதூருக்கு இன்னொரு வழி, கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சு. மூதூர்த் தபாற்பையை லோஞ்சில் ஏற்றிவிட்டு, அது துறைமுகத்தைத் தாண்டி வெளியே போகும்வரை காக்கா பார்த்துக்கொண்டு நிற்பார். கடல் கொந்தளிப்பான மார்கழியில் பை இரண்டு நாள் கரையிலேயே கிடக்கும்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். அப்போது நாட்டிலேயே நீளமான பாலம். பிறகு கங்கை, வெருகல் என்று மற்றப் பாலங்களும் வந்தன. காக்கா வந்த வேலையை மறந்து, படத்தில் அந்தப் பாலத்தைத் தேடினார். இல்லை. சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே அப்படியே நடந்து போகிறது, அடியில் பாலம் என்ற குறிகூட இல்லை. பழைய பாதைத் துறைகளும் இல்லை. "அப்ப நாம எப்பிடித் தம்பி இவ்வளவு காலமும் போனது?" என்றார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

இந்தப் படத்தில் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். தண்ணீரை வெறும் நீல நிறமாக அடித்துவிட்டு, ஊர்களை வீதியோடு கோத்திருக்கிறார்கள். இந்த மாகாணத்தில் சின்னச் சின்னச் சனங்கள் தனித்தனியாக, தங்கள் தங்கள் பேச்சோடும் வழக்கத்தோடும் இருந்ததற்குக் காரணம் நடுவில் கிடந்த தண்ணீர். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது, ஒரு கிளை வெருகலாக வேறு பக்கம் போய் விழுகிறது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட நிலத்தில் இருப்பவர்களுக்கு மாரி வந்தால் உலகம் அவ்வளவுதான்.

அந்த நிலத்தில்தான் என் வாழ்நாளின் பெரிய பிழையும் நடந்தது. மூதூருக்குக் கிழக்கே நல்லூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. பாட்டாளிபுரம், இளக்கந்தை, சந்தோசபுரம் என்று பக்கத்திலே சின்னச் சின்ன ஊர்கள். புதிதாக மேசைக்கு வந்த வருடம், 'நல்லூர்' என்று மட்டும் எழுதியிருந்த கடிதங்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு யாழ்ப்பாணப் பைக்குள் போட்டேன். நல்லூர் என்றால் கந்தசாமி கோயில்தானே. மூன்று மாதம் போட்டேன். ஒரு நாள் வயதான ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் தேன் போத்தல் நிரம்பிய ஒரு உரப்பையோடு கந்தோர் வாசலில் வந்து நின்றார். மகன் கொழும்பில் வேலைக்குப் போனவன், கடிதம் ஒன்றும் வரவில்லை, செத்துப்போனானா என்று கேட்டார். லோஞ்சேறி அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். கடிதம் மூன்றும் யாழ்ப்பாணம் போய், 'விலாசதாரர் இல்லை' என்ற முத்திரையோடு அனுப்பியவனுக்கே திரும்பியிருந்தன.

அவர்கள் கரையோர வேடர். மூதூர் கிழக்கிலிருந்து வெருகல், வாகரை, பனிச்சங்கேணி, குஞ்சன்குளம் வரை இருக்கிறார்கள். மகியங்கனைப் பக்கத்து வேடரைப் படம் எடுக்க வெள்ளைக்காரர் வரிசையில் நிற்பார்கள், இவர்களை ஒருவருக்கும் தெரியாது. பேசுவது தமிழ். காட்டில் தேன், களப்பில் மீன், கொஞ்சம் சேனைப் பயிர். திருகோணமலைச் சந்தையில் அவர்களுடைய தேன் வாங்குகிறவர்களுக்கும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. படத்தில் வாகரை இருக்கிறது, பனிச்சங்கேணி இருக்கிறது. நல்லூர் இல்லை, இளக்கந்தை இல்லை, குஞ்சன்குளம் இல்லை. சரித்திரப் பெட்டியில் மட்டும், 1660 இல் அதே கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபேட் நொக்ஸுக்கு நாலு வரி. பிடிபட்டு, பத்தொன்பது வருடம் கழித்துத் தப்பிப்போனவருக்கு நாலு வரி. அங்கேயே இருப்பவர்களுக்கு ஒரு புள்ளி கிடையாது.

சம்பூரை சம்பூர் என்றே போட்டிருக்கிறார்கள், அதற்கு நன்றி. 2006 இல் அந்தச் சனம் இடம்பெயர்ந்தபோது விலாசத்தை மட்டும் கையோடு கொண்டுபோனார்கள். கிளிவெட்டி முகாம், கட்டைபறிச்சான், மணற்சேனை என்று ஆளுக்கொரு திக்கு. கடித உறையில் 'சம்பூர்' என்றுதான் எழுதியிருக்கும், ஆள் இருப்பது எந்த முகாமில் என்று விசாரித்துத்தான் அனுப்ப வேண்டும். ஒரு பழைய கொப்பியில் பெயரும் முகாமும் எழுதி வைத்திருந்தேன். 2015 இல் நிலம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியபோது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். கொப்பி இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

படத்தை மாட்ட வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மரவேலையெல்லாம் பாலையூற்றிலிருந்து வருகிற ஒரு பறங்கியர்தான் செய்வார். மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. கதிரையில் ஏறி நின்று, அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவில் ஆணி அடித்தார். கதிரை, அலுமாரி, யன்னல் மூன்றும் போர்த்துக்கீசச் சொல். அவருடைய முன்னோர்கள் கப்பலில் கொண்டுவந்து எங்கள் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போனவை. நான் வேலை செய்த கந்தோர் ஒல்லாந்தச் சொல். நான் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்கட அம்மம்மாவுக்கு முழுசாப் பேசத் தெரியும் ஐயா. எனக்குப் பாட்டுத்தான் வரும்." மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் ஒரு கைப்பிடிச் சனம் அந்தக் கிரியோல் போர்த்துக்கீசத்தை வீட்டுக்குள் வைத்திருந்தது. கல்யாண வீட்டில் வயலின் எடுத்தால் கப்றிஞ்ஞா ஆடாமல் விடமாட்டார்கள். தச்சு வேலை, கொல்லு வேலை என்றால் அவர்களிடம்தான். சரித்திரப் பெட்டியில் போர்த்துக்கேயர் 1622 இல் கோணேசர் கோயிலை இடித்ததும், அந்தக் கல்லில் கோட்டை கட்டியதும், பிறகு ஒல்லாந்தர், 1795 இல் ஆங்கிலேயர் என்று எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அவர்களோடு வந்து இங்கேயே தங்கிப்போனவர்கள் பாலையூற்றில் இருப்பதாக எங்கும் இல்லை. ஆணியை அடித்துவிட்டு அவரும் தன் ஊரைத் தேடினார். 'பலையுத்து' என்று வாசித்தார். "யுத்தம் நடந்த இடம் எண்டு நினைச்சிட்டாங்கள் போல" என்றார்.

சரித்திரப் பெட்டி மோசம் என்று சொல்லமாட்டேன். 1833 இல் ஐந்து மாகாணங்களாகத் தீவைப் பிரித்தபோது கிழக்கு ஒன்று என்பது சரி. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை பிரிந்தது சரி. 2007 தொடக்கத்தில் வடக்கும் கிழக்கும் பிரிந்ததும் இருக்கிறது. 1873 இல் தம்பன்கடவை, அதாவது இன்றைய பொலன்னறுவைப் பக்கம், கிழக்கிலிருந்து எடுத்து வடமத்திய மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது இல்லை. அதைப் போட்டிருந்தால், படத்தின் மேற்கு எல்லை ஏன் அப்படிக் கடித்த பாண் துண்டு போல உள்ளே வளைந்து கிடக்கிறது என்று பேத்திக்கு நான் அரை மணித்தியாலம் விளக்கியிருக்கத் தேவையில்லை. 1986 சித்திரையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததும் இல்லை. அந்தக் கிழமை நாங்கள் அனுப்பாமல் வைத்த கந்தளாய்ப் பை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆறுகளில் கல்ஓயா மட்டும் இருக்கிறது. அதன் பழைய தமிழ்ப் பெயர் பட்டிப்பளை ஆறு என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போட இடமிருந்தது.

அம்பாறை மாவட்டத்தில் இன்னும் இரண்டு பேரைக் காணவில்லை. மகாஓயாப் பக்கத்துப் பொல்லேபெத்த வேடர் ஒன்று. மற்றது அளிக்கம்பை. எண்பதுகளில் இரண்டு வருடம் அக்கரைப்பற்றுப் பக்கம் இடமாற்றத்தில் இருந்தேன். அங்கேதான் முதன்முதல் கேட்டேன், இங்கே தெலுங்கு பேசுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று. ஊர் ஊராகப் பாம்பாட்டியும் கைபார்த்தும் திரிந்த குறவர், கத்தோலிக்கக் குருமாரின் முயற்சியில் ஓரிடத்தில் குடியமர்ந்தார்கள். தபால்காரத் தம்பி சொல்வான்: "கடிதத்தைத் தமிழில வாசிச்சுக் காட்டச் சொல்லுவாங்க ஐயா, பிறகு உள்ளுக்கப் போய்த் தெலுங்கில சண்டை பிடிப்பாங்க." வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், ஞாயிற்றுக்கிழமை கோயில். அதைப் போல இன்னொரு ஊரைக் கிழக்கில் நான் கண்டதில்லை. ஒரு சின்ன வட்டம் போட எத்தனை மில்லிமீற்றர் வேண்டும்?

அந்த இடமாற்றத்தில் படித்த இன்னொரு விசயம் எந்தத் தேசப்படத்திலும் வராது, குறையாகவும் சொல்லவில்லை. கிழக்கில் பெண்ணுக்குத்தான் வீடு. தமிழரோ முஸ்லிம்களோ, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்த்தான் இருப்பார். அதனால் கல்யாணத்தோடு ஆம்பிளைகளின் விலாசம் மாறும், பெண்களின் விலாசம் சாகும்வரை மாறாது. ஒரு ஊரில் யார் வீடு எங்கே என்று தெரியாவிட்டால் அந்த வீட்டு மூத்த பொம்பிளையின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கிண்ணியாக் காக்காவும் மனைவி வீட்டில்தான் இருக்கிறார், ஐம்பது வருடமாக.

பிழை 47 ஐயும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். "ஐயா, நாங்க விக்கிறது மட்டும்தான்" என்றான் கடைப் பொடியன். மரியாதையாகத்தான் சொன்னான். தாளை வாங்கி லாச்சிக்குள் வைத்தான். அப்போதுதான் சொன்னான், லெமினேற் பண்ணாத படமும் உள்ளே இருக்கிறதாம், 1,200 ரூபாய், சுருங்கும் என்று ஒருவரும் வாங்குவதில்லையாம். முதலே சொல்லியிருக்கலாம்.

ஆகவே வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள். தூரமும் எல்லையும் நம்பக்கூடியவை. இவ்வளவு பெரிய அளவில் தமிழில் வேறு ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு வாங்கினால் ஊர்ப்பெயரை உங்கள் வாயால் சொல்லிக்கொடுங்கள், படத்தை வாசிக்க விடாதீர்கள். முடிந்தால் 1,200 ரூபாய்ப் படத்தைக் கேட்டு வாங்குங்கள், அதில் பேனை பிடிக்கும். என்னுடையதைப் போல லெமினேற் பண்ணியதை வாங்கிவிட்டால் சாதாரண பேனை வழுக்கும், அழியாத மாக்கர்தான் வேண்டும். அதிலும் மெல்லிய முனை பார்த்து வாங்குங்கள். நான் முதலில் தடித்த முனையால் 'அளிக்கம்பை' என்று எழுத, அது அக்கரைபட்டை முழுக்க மூடிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.